கூட்டு ஸ்பான்சர் இருந்தும் நின்றுபோன விசா: திருப்பூரில் வாழ்ந்த அமெரிக்கக் குடிமகன் ஒருவரின் கோப்பு

கணவர் அமெரிக்கக் குடிமகன். மனைவி இந்தியக் குடிமகள். 2019-இல் திருமணமான நாளிலிருந்து அவிநாசி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் கணவரின் பெற்றோருடன் குடியிருந்தார்கள். நான்கு வயதில் ஒரு மகன். மனைவியை அமெரிக்காவுக்கு நிரந்தரமாக அழைத்துச் செல்வதற்கான ஐ-130 மனு ஒப்புதல் பெற்றிருந்தது. கட்டணங்களைக் கட்டியாகிவிட்டது. மருத்துவப் பரிசோதனை முடிந்திருந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகன் வருகிறவரின் வாழ்க்கைச் செலவுக்குக் கணவரோடு சேர்ந்து பொறுப்பேற்கும் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திட்டு, தன் வருமான வரிக் கணக்கையும் அனுப்பிவைத்திருந்தார். ஆனாலும் 2025 தொடக்கத்தில் மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடந்த நேர்காணலில் விசா கிடைக்கவில்லை. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின்படி நிறுத்திவைத்திருப்பதாகச் சொல்லும் தாள் ஒன்றுதான் கிடைத்தது. மனுதாரரின், அதாவது கணவரின், வசிப்பிடத்துக்குச் சான்று வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

குடும்பத்தில் அந்தத் தாளை "ஸ்பான்சர் சரியில்லை" என்று படித்துக்கொண்டார்கள். அத்தை மகனைவிட அதிகம் சம்பாதிக்கும் இன்னொருவரைத் தேடத் தொடங்கினார்கள். கோப்பு என் மேசைக்கு வந்தபோது, கலிபோர்னியாவில் இருக்கும் தூரத்துப் பங்காளி ஒருவரின் சம்பளச் சீட்டுகள் அதில் புதிதாகச் சேர்ந்திருந்தன. அவற்றை அனுப்பியிருந்தால் அதே தாள் மறுபடியும் வந்திருக்கும். பணம் போதுமா என்பது ஒரு கேள்வி. மனுதாரர் எங்கே வாழ்கிறார் என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு உறவினர் கைகொடுக்கலாம். இரண்டாவதற்கு மனுதாரர் ஒருவர்தான் பதில் சொல்ல முடியும்.

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் கோப்புகளில் இதே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதி உண்டு. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மனுதாரர்

கோவையில் பொறியியல் படித்தவர். 2003-இல் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார். எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு என்னும் நிரந்தரவாச அட்டை என்று வழக்கமான படிகளில் ஏறி 2016-இல் குடியுரிமை பெற்றார். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கினார். 2018-இல் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. விடுப்பில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. தந்தை நடத்திவந்த நிட்டிங் யூனிட்டைத் தானே பார்த்துக்கொண்டார். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கூலிக்குத் துணி பின்னிக் கொடுக்கும் சிறிய கம்பெனி அது. நூல் வரவு, மின்தடை, ஊசி உடைந்தது, சனிக்கிழமைச் சம்பளம் என்று ஒரு நாள்கூட விலகி நிற்க முடியாத தொழில்.

மனைவிக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில். எம்.காம். முடித்து, திருமணத்துக்கு முன் சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். மகன் 2021-இல் கோவையில் பிறந்தான். அவன் பள்ளியில் சேரும் வயது நெருங்கியதும்தான் அமெரிக்கா போவது பற்றிய பேச்சு வீட்டில் தொடங்கியது.

சிக்கலில்லாமல் நகர்ந்தவை

அமெரிக்கக் குடிமகன் உலகின் எந்த மூலையில் இருந்தும் மனைவிக்கு ஐ-130 மனுப் போடலாம். இவர் 2023-இல் திருப்பூரில் உட்கார்ந்தபடியே இணையவழியில் போட்டார். அப்போது கட்டணம் 535 டாலர். 2024 ஏப்ரல் 1 முதல் இணையவழியில் 625, தாளில் அனுப்பினால் 675. குடிமகனின் மனைவி நெருங்கிய உறவுப் பிரிவில் வருவதால் ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு கிடையாது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரின் மனைவிக்கு அந்த வரம்பும் அதனால் வரும் வரிசையும் உண்டு. கனடா இன்னும் கறார்: நிரந்தரவாசத் தகுதி மட்டும் உள்ளவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு துணைவரை ஸ்பான்சர் செய்யவே முடியாது. குடிமகன் செய்யலாம், ஆனால் துணைவருக்கு நிரந்தரவாசம் கிடைக்கும்போது தானும் கனடாவில் வாழப்போவதைக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து மனுப் போடும் குடிமகனை நோக்கி இரண்டு நாடுகளும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. அமெரிக்கா அதைக் கடைசிக் கட்டத்தில் கேட்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

திருமணப் பதிவில் தொல்லை இல்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இவர்கள் ஒரு மாதத்துக்குள்ளேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டார்கள். திருமணப் படங்களில் மட்டும் ஒரு வேடிக்கை. காங்கேயம் மண்டபத்தில் அருமைக்காரர் நடத்திவைத்த கொங்குத் திருமணம் அது. குடும்பம் அமர்த்தியிருந்த விசா ஏஜென்ட் தேர்ந்தெடுத்து மனுவோடு இணைத்த முதல் படம் இணைச்சீர்! மாப்பிள்ளையையும் உடன்பிறந்தவளையும் புடவையால் இணைத்துச் செய்யும் சீர் அது என்று நமக்குத் தெரியும். படத்தைப் பார்க்கும் அமெரிக்க அலுவலருக்கு, பட்டுப் புடவையில் மாப்பிள்ளையின் பக்கத்தில் நிற்பவர்தான் மணப்பெண். பாஸ்போர்ட்டில் இருப்பதோ வேறு முகம். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. மறுபடியும் கோப்பைக் கட்டும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் யார் யார், என்ன சடங்கு என்று ஒரு வரி எழுதவைத்தேன். தாலி கட்டும் படம் முதலில் வந்தது.

இவர்கள் சொந்தத்தில் மணந்தவர்கள் அல்லர். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தவராக இருந்தால் எந்த மாநிலத்தில் குடியேறப்போகிறார்கள் என்பதையும் பார்த்திருக்க வேண்டும். திருமணம் நடந்த இடத்தில் அது செல்லும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. குடியேறும் மாநிலத்தின் சட்டம் அத்தகைய திருமணத்தைக் கடுமையாக மறுக்கிறதா என்பதும் எடைபோடப்படும். நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா மாநிலங்களில் அத்தை, மாமன் மக்களுக்கிடையிலான திருமணத்துக்குத் தடை இல்லை. டெக்சாஸ் 2005-இல் அதைத் தடைசெய்து, அந்த உறவையே குற்றமாகவும் ஆக்கியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் டல்லாஸ், ஹூஸ்டன் என்று போய் உட்கார்ந்திருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

மகனுக்குத் தனி மனு தேவைப்படவில்லை. தந்தை குடிமகன், மகன் பிறப்பதற்கு முன் குறைந்தது ஐந்து ஆண்டுகள், அதில் இரண்டாவது 14 வயதுக்குப் பிறகு, அமெரிக்க மண்ணில் இருந்திருக்கிறார். எனவே மகன் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன். இந்த ஐந்து ஆண்டுகள் குடியுரிமை வாங்கிய பிறகு இருந்தவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாணவராகவும் எச்-1பியிலும் இருந்த காலமும் சேரும். சென்னைத் துணைத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கையும் பாஸ்போர்ட்டும் வாங்கியிருந்தார்கள். பிள்ளைக்குப் பிறப்பிலேயே குடியுரிமை கிடைக்காத குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடிமகனின் மனைவி என்ற பிரிவில் தாயின் மனுவிலேயே பிள்ளையும் ஒட்டிக்கொண்டு வர முடியாது. பிள்ளைக்கென்று தனி ஐ-130 வேண்டும்.

மனைவியின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. 'பெண் குழந்தை' என்பதோடு சரி. நகராட்சியில் பெயர் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்கினார்கள். காவல்துறைச் சான்றிதழ் கோவை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் கிடைத்தது. 16 வயதுக்குப் பிறகு ஓராண்டு அல்லது அதற்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அந்தச் சான்று வேண்டும் என்பதால் சிங்கப்பூர் போலீஸுக்கும் எழுதினார்கள்.

இடையில் ஒரு குறுக்கு வழியும் சொல்லப்பட்டது. "டூரிஸ்ட் விசாவில் அழைத்துக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், ஆறு மாதத்தில் முடிந்துவிடும்" என்று உறவினர் ஒருவர் கணவரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார். குடியேறும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா விசா கேட்பது பொய்த் தகவல் தருவதாகும்; அது நிரூபணமானால் வாழ்நாள் தடை விழும். கணவர் அந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதது இந்தக் கோப்பின் பெரிய அதிர்ஷ்டம்.

வருமானம்

மனு ஒப்புதலானதும் கோப்பு, நேர்காணலுக்கு முன் தாள்களைச் சேகரிக்கும் அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போகிறது. விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், உத்தரவாதப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120 டாலர். அந்த உத்தரவாதப் பத்திரம்தான் ஐ-864. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் விளைவாக 1997 டிசம்பர் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. வருகிறவர் அரசு உதவியை நம்பி நிற்கமாட்டார் என்று மனுதாரர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. நீதிமன்றத்தில் செல்லுபடியாகும்.

வருமானம் அமெரிக்க அரசின் வறுமைக் கோட்டு அளவின் 125 சதவீதத்தைத் தொட வேண்டும். கணவர், மனைவி, மகன் என மூன்று பேர் குடும்பத்துக்கு 2024-இன் அளவுப்படி ஆண்டுக்கு 32,275 டாலர். "வருடம் இத்தனை லட்சம் வரி கட்டுகிறவனுக்கு வருமானம் இல்லையா?" என்று கணவரின் தந்தை கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் குடிபெயர்ந்த பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வரும் வருமானத்தையே கணக்கில் எடுப்பார்கள். திருப்பூரில் நின்று நடத்தும் யூனிட்டின் லாபம், அவர் நியூ ஜெர்சிக்குப் போன பிறகும் வரும் என்று அன்றைய நிலையில் யாரும் காட்ட முடியாது.

வருமானத்துக்குப் பதில் சொத்தைக் காட்டலாம். குடிமகனின் மனைவிக்கு, குறையும் தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து வேண்டும். வருமானம் பூஜ்யம் என்று வைத்தால் 96,825 டாலர். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றே அதைத் தாண்டும் என்று குடும்பம் நம்பியது. தோப்பு தந்தை பெயரில் இருக்கிறது. நாளைக்கு இவருக்கு வரும் என்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும் இன்றைக்கு இவருடையது ஆகாது. மேலும், காட்டும் சொத்தை ஓராண்டுக்குள் பெரிய நஷ்டமில்லாமல் பணமாக்க முடிய வேண்டும். யூனிட்டின் இயந்திரங்கள் வங்கிக் கடனில் அடமானம். அவர் பெயரில் தனியாக இருந்தது ஒரு வைப்புத்தொகை மட்டும், அது போதவில்லை.

இன்னொரு பக்கம் வருமான வரி. அமெரிக்கக் குடிமகன் எங்கே வாழ்ந்தாலும், வருமானம் வரம்பைத் தாண்டினால் அமெரிக்காவில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத் தொகை ஆண்டின் ஏதாவது ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகவும் அறிவிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு இவர் இரண்டையும் செய்யவில்லை. வேண்டுமென்றே விடவில்லை என்பவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு: மூன்று ஆண்டு வரிக் கணக்கு, ஆறு ஆண்டு வங்கிக் கணக்கு அறிவிப்பு, விடுபட்டதற்கு விளக்கம். 2024-இல் அதைச் செய்து முடித்தார். வெளிநாட்டில் சம்பாதித்ததற்கான விலக்கைக் கழித்த பிறகு வரி எதுவும் வரவில்லை. கூடவே மொத்த வருமானம் என்ற வரியும் பூஜ்யத்தை ஒட்டி வந்து நின்றது. வரி கட்டவேண்டாம் என்று சந்தோஷப்பட்ட அதே தாளை, ஐ-864-உடன் இணைக்கும்போது வருமானமே இல்லாதவரின் தாளாகப் படிப்பார்கள்.

ஆகவே கூட்டு ஸ்பான்சர். முதலில் முன்வந்தவர் டல்லாஸில் இருக்கும் பெரியப்பா மகன். நல்ல சம்பளம், நல்ல மனம். ஆனால் எச்-1பியில் இருப்பவர். கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார். கூட்டு ஸ்பான்சர் 18 வயது நிரம்பிய குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இருந்து, அமெரிக்காவில் வாழ்பவராகவும் இருக்க வேண்டும். எச்-1பி எவ்வளவு சம்பாதித்தாலும் செல்லாது. அடுத்துக் கேட்டது நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகனை. அவர் குடிமகன். அவர் குடும்பம் நான்கு பேர், அதோடு குடியேறப்போகும் மனைவி ஒருவர். ஐந்து பேருக்கு 45,725 டாலர். அவருடைய வருமானம் அதைவிடப் பல மடங்கு.

இந்தக் கோப்பு முழுவதிலும் கேட்கப்பட்டவற்றில் கூர்மையான கேள்வியைக் கேட்டவர் அந்த அத்தை மகனின் மனைவி. "நாளைக்கு இவர்கள் இருவருக்கும் ஒத்துவராமல் பிரிந்துவிட்டால், அதற்குப் பிறகும் எங்கள் கையெழுத்து நிற்குமா?" நிற்கும். விவாகரத்து ஐ-864-ஐ முடிக்காது. வந்தவர் குடியுரிமை பெற வேண்டும். அல்லது அவர் கணக்கில் 40 காலாண்டு, அதாவது சுமார் பத்து ஆண்டு, உழைப்பு சேர வேண்டும். அல்லது அவர் தகுதியைத் துறந்து நாட்டை விட்டுப் போக வேண்டும், இல்லை இறந்துபோக வேண்டும். அதுவரை பொறுப்பு நீடிக்கும். அரசு கொடுத்த உதவித் தொகையைத் திருப்பிக் கேட்கலாம். வந்தவரே வழக்குப் போடவும் முடியும். நம் பக்கம் உறவினருக்கு வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இது அதைவிட நீளமான கயிறு. அந்தப் பெண்மணி ஒரு வாரம் யோசித்த பிறகு சம்மதித்தார். யோசிக்காமல் சம்மதித்திருந்தால்தான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

இத்துடன் பண விஷயம் முடிந்தது. குடும்பமும் ஏஜென்ட்டும் ஐ-864 முழுவதுமே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

வசிப்பிடம்

கூட்டு ஸ்பான்சர் இருந்தாலும் மனுதாரர் தன் பெயரில் ஓர் ஐ-864 கொடுத்தே ஆக வேண்டும். அதில் வசிப்பிட நாடு எது என்று ஒரு கட்டம் இருக்கிறது. கணவர் நேர்மையாக 'இந்தியா' என்று எழுதியிருந்தார். தேசிய விசா மையம் அப்போதே விளக்கம் கேட்டுச் செய்தி அனுப்பியது. ஏஜென்ட் அதற்குப் பதிலாகக் கூட்டு ஸ்பான்சரின் தாள்களை ஏற்றினார். சில வாரங்களில் ஆவணங்கள் முழுமை என்று தகவல் வந்தது. தாள்கள் வந்து சேர்ந்துவிட்டன என்பதற்கு மேல் அந்தத் தகவலுக்கு எந்தப் பொருளும் இல்லை. தீர்மானிப்பவர் தூதரக அலுவலர்.

விதிப்படி வசிப்பிடம் என்பது ஒருவர் முதன்மையாக வாழும் இடம். வரும் காலத்திலும் அங்கேயே தொடர்ந்து வாழும் எண்ணமும் அதோடு சேர வேண்டும். அமெரிக்காவில் வசிப்பிடம் இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் ஸ்பான்சரே அல்லர். ஸ்பான்சரே இல்லை என்றால் அவரோடு சேரும் கூட்டு ஸ்பான்சருக்கும் இடமில்லை. அத்தை மகனின் கையெழுத்து அதனால்தான் அந்தரத்தில் நின்றது.

வெளிநாட்டில் இருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. அமெரிக்க அரசு, அமெரிக்க நிறுவனம், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனம் போன்றவற்றுக்காக வெளிநாட்டில் வேலை பார்ப்பது ஒன்று. இவருக்குப் பொருந்தாது. தற்காலிகமாகத்தான் வெளியே இருக்கிறேன் என்று காட்டுவது இரண்டாவது. கணவர் இதைத்தான் பிடித்துக்கொள்ள விரும்பினார்: "அப்பா உடம்புக்காக வந்தேன், திரும்பிப் போகும் எண்ணம் எப்போதும் இருந்தது." அவர் சொல்வது உண்மை என்றே நான் நம்புகிறேன். ஆனால் ஏழு ஆண்டு வாழ்க்கை, சொந்தத் தொழில், இந்தியாவில் கட்டும் வருமான வரி, காலாவதியான அமெரிக்க ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டுத் 'தற்காலிகம்' என்று சொன்னால் எந்த அலுவலரும் ஏற்கமாட்டார்.

மூன்றாவது வழி மீண்டும் குடியேறுவது. மனைவி அமெரிக்காவுக்குள் நுழையும் நாளுக்குள் தானும் அங்கே வசிப்பிடத்தைத் திரும்ப அமைத்துக்கொள்ளும் உண்மையான எண்ணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். முன்கூட்டியே போயிருக்கத் தேவையில்லை. மனைவியோடு ஒரே விமானத்தில் போனாலும் போதும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பதும் இல்லை. இருக்கும் சான்றுகளை எடைபோட்டால் ஆம் என்ற பக்கம் சற்று அதிகமாக இருந்தால் போதும். வாடகை ஒப்பந்தம், வேலைக்கான கடிதம், வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, இங்கே தொழிலை ஒப்படைத்ததற்கான பத்திரம் ஆகியவை எடை கூட்டும்.

இவரிடம் என்ன இருந்தது? பழைய வேலையின் 401(கே) ஓய்வூதியக் கணக்கு, சிறு தொகையுடன் ஒரு வங்கிக் கணக்கு. இவை பழைய தொடர்பைக் காட்டும். போகப்போகிறார் என்று காட்டும் தாள் ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது: வீட்டில் யாரும் அதை இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

குடும்பத்தின் கணக்கு

"கார்டை வாங்கி வைத்துக்கொள்வோம், வேண்டும்போது போகலாம்." கணவரின் தாய் இதை என்னிடம் வெகு இயல்பாகச் சொன்னார். தோப்பும் யூனிட்டும் இங்கே, பேரனின் பள்ளி அங்கே, இடையில் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோவது என்பது அவர்கள் மனத்தில் இருந்த ஏற்பாடு. நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் எதையும் கைவிடாமல் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளப் பார்ப்பதில் வியப்பில்லை. கிரீன் கார்டு அப்படி வாங்கிப் பீரோவில் வைக்கும் பொருளாக இருப்பதில்லை. அங்கே வாழ்வதற்கான அனுமதி அது. வாழாதவரிடமிருந்து பறிபோகும்.

நான் கணவரிடம் கேட்டது ஒன்றுதான்: யூனிட்டை யார் பார்ப்பார்கள்? அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கோப்பு அங்கேயே நின்றது. 221(ஜி) தாளுக்கு ஓராண்டுக்குள் பதில் கொடுக்காவிட்டால் விண்ணப்பத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு நானும் காத்திருந்தேன்.

முடிவை விரைவுபடுத்தியது ஆகஸ்ட். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. திருப்பூரில் அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த ஏற்றுமதியாளர்கள் தடுமாற, அவர்களுக்குத் துணி பின்னிக் கொடுக்கும் யூனிட்டுகளில் ஷிப்டுகள் குறைந்தன. இவருடைய யூனிட்டும் தப்பவில்லை. தந்தைதான் முதலில் பேசினார். "நீ போ. மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். மாப்பிள்ளை என்றது மகளின் கணவரை. பெருந்துறையில் சாயத் தொழில் தெரிந்தவர் அவர். இயந்திரங்களின் அருமை தெரியும். ஏழு ஆண்டுகளாகப் பேசாமல் தள்ளிப்போட்டது ஒரு மாலையில் முடிந்துவிட்டது. ஒரு நாடு கேட்ட வசிப்பிடச் சான்று, குடும்பம் தனக்குள் கேட்டுக்கொள்ளத் தயங்கியதைக் கேட்கவைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

மீண்டும் சமர்ப்பித்தது

சட்டப்படி கணவர் முன்னால் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் 'இந்தியா' என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்ட கோப்பில், திட்டத்தை மட்டும் காட்டுவதைவிட ஆளே போய் இறங்கிவிடுவது நல்லது என்று சொன்னேன். செப்டம்பரில் போனார். நியூ ஜெர்சியில் எடிசன் பகுதியில் ஓராண்டு வாடகை ஒப்பந்தம் எழுதினார். ஆடை இறக்குமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில், துணி வகைகளைத் தெரிந்தவர் என்ற முறையில் வேலை கிடைத்தது. ஏழு ஆண்டு யூனிட் அனுபவம் அங்கே பயன்பட்டது அவருக்கே ஆச்சரியம். மாநில ஓட்டுநர் உரிமம் வாங்கினார். மகனுக்குப் பள்ளியில் பதிவு செய்து, அந்தப் பள்ளியின் கடிதத்தையும் வாங்கினார்.

இந்தப் பக்கத்துத் தாள்களும் அதே அளவுக்கு முக்கியம். யூனிட்டை மைத்துனருக்குக் குத்தகைக்கு விட்ட பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பொது அதிகார ஆவணம், வங்கிக் கடனுக்குப் பொறுப்பு மாற்றக் கேட்ட கடிதம் ஆகியவை இணைக்கப்பட்டன. எப்போது வந்தார், ஏன் தங்கினார், எப்போது திரும்பினார், இனி எங்கே வாழ்வார் என்று ஒரு பக்கத்தில் அவரே எழுதிய விளக்கம் முன்னால் வந்தது. ஏஜென்ட் தயாரித்திருந்த நான்கு பக்கக் கடிதத்தில் அமெரிக்காவின் மேன்மை பற்றி இரண்டு பத்திகள் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டோம்.

வேலை கிடைத்துவிட்டதால் கூட்டு ஸ்பான்சரை விடுவிக்க முடியுமா என்று நியூ ஜெர்சி அத்தை மகனின் மனைவி கேட்டார். சம்பளம் 125 சதவீத அளவைத் தாண்டியதால் கொள்கையளவில் முடியும். ஆனால் கையில் இருந்தவை சில வாரச் சம்பளச் சீட்டுகள் மட்டும். வரிக் கணக்கோ பூஜ்யம். அலுவலர் திருப்தியடையாமல் இன்னொரு தாள் கொடுத்தால் மறுபடியும் மாதங்கள் போகும். அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். கையெழுத்தை அப்படியே விட்டுவைத்தார்.

கலிபோர்னியாப் பங்காளியின் தாள்களைத் திருப்பி அனுப்பினோம். மருத்துவப் பரிசோதனை பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் மனைவி மறுபடியும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. பணச் செலவைவிட, இரண்டாவது முறையும் ஊசி போட வேண்டுமா என்ற பயம்தான் அவருக்கு. முதல் முறை போட்ட தடுப்பூசிகளின் பதிவைக் கொண்டுபோனதால் அதற்குத் தேவை வரவில்லை. அதே ஆண்டின் இறுதிக்குள் விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. திருமணமாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்ததால் நிபந்தனையில்லாத ஐஆர்-1 பிரிவு, பத்தாண்டுக்கான கார்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் போகும் புதுத் தம்பதிகளுக்கு சிஆர்-1 பிரிவில் இரண்டு ஆண்டுக் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் கார்டுக்கான 235 டாலரையும் இணையத்தில் கட்டினார்கள்.

தொடரும் கேள்விகள்

தோப்பைப் பற்றித் தந்தை கேட்டார். ஓசிஐ அட்டை உள்ளவர் விவசாய நிலத்தை வாங்க முடியாது; ஆனால் வாரிசாகப் பெறலாம். விற்பதென்றால் இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகனுக்கு விற்க வேண்டும். எனவே தந்தைக்குப் பிறகு மகனுக்குப் போவதில் தடை இல்லை. மகன் பக்கத்துத் தோட்டத்தை வாங்கிச் சேர்ப்பதுதான் முடியாது. பெரியவருக்கு இரண்டாவது பாதி பிடிக்கவில்லை.

மனைவி அங்கிருந்து கேட்டது வேறு. அடுத்த ஆண்டு தம்பிக்குத் திருமணம் நிச்சயமாகும்போல் இருக்கிறது; சீர்செனத்தி வேலைகளுக்கெல்லாம் இருந்து, பொங்கலும் முடித்துவிட்டுத் திரும்பலாமா என்றார். ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பொதுவாகத் தொந்தரவு இல்லை. ஆறு மாதத்தைத் தாண்டினால், கணவரோடு வாழும் மனைவிக்கு மூன்று ஆண்டுகளில் திறக்கும் குடியுரிமை வழியில் தொடர்ச்சி முறிந்ததா என்ற கேள்வி எழும். ஓராண்டைத் தாண்டினால் கார்டை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது. அவ்வளவு காலம் தங்க வேண்டிவரும் என்று சிறிதளவு சந்தேகம் இருந்தாலும், மறுநுழைவு அனுமதிக்கான ஐ-131 படிவத்தை எடிசனில் இருக்கும்போதே போட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்றும், கோபியில் வந்து உட்கார்ந்துகொண்டு அதைப் போட முடியாது என்றும் எழுதி அனுப்பினேன்.